சங்கக்கடை நிசாந்தினியும் காலை மீற்றர்ப் படமும்

இன்று காலை நீங்கள் யாருக்கு வைத்தியம் சொன்னீர்கள்? பல் துலக்க முன்னரே கைத்தொலைபேசியைத் திறந்து, ஏதோவொரு குழுவில், முகம் தெரியாத ஒருவருக்குச் சோற்றை விடு, மருந்துக் குளிசையை விடு, இதைக் குடி, அதை மெல்லு என்று எழுதினீர்களா? எழுதியிருந்தால், அந்த ஆள் இப்போது எப்படி இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?

நிசாந்தினிக்குத் தெரியும். அவள் நெடுந்தீவுச் சங்கக்கடையில் அரிசியும் மாவும் நிறுத்துக் கொடுப்பவள். பிறந்த ஊர் புளியங்கூடல். கலியாணம் கட்டித் தீவுக்கு வந்த புதிதில் ஒவ்வொரு படகுப் பயணத்திலும் குடல் வெளியே வரச் சத்தி எடுத்தவள், இப்போது அதே படகில் இருந்துகொண்டு பக்கத்தில் இருப்பவளின் குடும்பச் சண்டையைத் தீர்த்துவைப்பாள். வாய் துடியானது. சமையல் அதைவிட. மகள் இந்துஜா யாழ்ப்பாணத்தில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறாள்.

கணவன் தயாபரன், இறங்குதுறையிலிருந்து சாமான் ஏற்றும் லாண்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு வண்டி ஓட்டியவன். காலில் வந்த புண் ஆறாமல் இழுபட்டபோதுதான் சலரோகம் என்கிற நீரிழிவு பிடிபட்டது. அதன்பின் வண்டியைப் பக்கத்து வீட்டு ஏரம்புவிடம் கொடுத்துவிட்டான். மாதம் ஒருமுறை கிளினிக், காலையும் இரவும் குளிசை, பகல் முழுக்க வேலை இல்லாத வீடு. ஐம்பது வயதுகூட ஆகாத மனிதனை நோய் தின்றதைவிட அந்த வெறும் பகல்தான் அதிகம் தின்றது.

அந்தப் பகலுக்குள்தான் குழு வந்தது.

‘தீவக உறவுகள் நலவாழ்வு’ என்ற அந்த வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கியவர் தயாபரனின் அண்ணன் ஜெகதீஸ். கனடாவில் இருபத்தைந்து வருடம். குழுவில் இருந்தவர்கள் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச் என்று பரந்து கிடந்தார்கள். தீவில் இருந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பேசுவது ஒன்றே ஒன்று: எதைத் தின்பது, எதைத் தின்னக்கூடாது.

அதில் இரண்டு கட்சி. சோறு, பாண், பிட்டு, சீனி எல்லாம் நஞ்சு; நெய்யும் முட்டையும் மீனும் இறைச்சியும்தான் மனிதனுக்கு விதித்த உணவு என்பது ஜெகதீஸின் கட்சி. குரக்கனும் சாமையும், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவும் போதும், கொழுப்பு நெஞ்சை அடைக்கும் என்பது மயில்வாகனம் மாஸ்டரின் கட்சி. மாஸ்டர் புங்குடுதீவுக்காரர், ஓய்வுபெற்ற பின் லண்டனில் மகனோடு இருப்பவர். ஒருவரை ஒருவர் நெய்க்கட்சி, கூழ்க்கட்சி என்று நையாண்டி பண்ணினார்கள். ஒடியல் கூழ் குடித்த முப்பாட்டன்மார்தான் நெஞ்சை நிமிர்த்திக் கப்பல் விட்டார்கள் என்று மாஸ்டர் எழுதினால், விட்டவர்கள் நாற்பது வயதில் செத்தும் போனார்கள் மாஸ்டர் என்று நெய்க்கட்சியில் ஒருவர் பதில் போடுவார். இரு பக்கமும் ஆராய்ச்சிக் கட்டுரை என்று இணைப்பு அனுப்பும். அனுப்பியவர்களில் தலைப்பைத் தாண்டி இரண்டாம் பந்திக்குப் போனவர் எவருமில்லை. வெள்ளை மேலங்கி போட்டவன் ஒருவன் காணொளியில் பேசினால் அது விஞ்ஞானம். எங்கள் ஆட்கள் மந்திரத்தை விட்டு அறிவியலுக்கு வந்துவிட்டார்கள் என்று நினைப்பவர்கள் அந்தக் குழுவில் ஒரு கிழமை இருந்து பார்க்கவேண்டும். மந்திரத்துக்கு மேலங்கி தைத்துப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு நாள் சண்டை முற்றியது. வெளிநாட்டில் உடற்பயிற்சி நிலையமும் நல்ல வைத்தியரும் வைத்துக்கொண்டு கதைப்பதை விடுங்கள் என்று மாஸ்டர் சவால் விட்டார். ஊரில் இருக்கிற ஒரு சலரோகக்காரனைக் குளிசை இல்லாமல், சாப்பாட்டால் மட்டும் சுகப்படுத்திக் காட்டினால், தான் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக் குழுவை விட்டுப் போவதாக எழுதினார்.

ஜெகதீஸ் உடனே தம்பியின் பெயரைப் போட்டார். தம்பியிடம் கேட்டது பிறகுதான்.

தயாபரன் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது? வீட்டுக் கூரை அண்ணன் போட்டுத் தந்தது. ஜெகதீஸ் அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் ஒரு வார்த்தை திருப்பிப் பேசியிருக்கலாம். அதோடு, சும்மா இருந்த மனிதனுக்கு ஒரு வேலை கிடைத்தது. உலகம் முழுக்கப் பரந்து கிடக்கும் உறவுகள் தன் விரல் நுனி இரத்தத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது சின்ன விஷயமா?

கிளினிக் குளிசை நின்றது. கனடாவிலிருந்து வந்த மீற்றரில் ஒவ்வொரு காலையும் இரத்தம் குத்திப் பார்த்து, அந்த எண்ணைப் படம் எடுத்துப் போடுவது நிசாந்தினியின் பொறுப்பு. அந்த மீற்றர் காட்டும் எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால்தான் இங்கத்தைய கணக்கு வரும். அவள் பெருக்கி, இரண்டு எண்ணையும் எழுதிப் போடுவாள். கூடவே சமையல் படமும். தேங்காய்ப்பூவை வறுத்து இடித்து அவள் அவித்த மாவில்லாப் பிட்டுக்கு விழுந்த இதயக் குறிகளைப் பார்த்து அவளே வெட்கப்பட்டாள். கடைக்கு வருபவர்களிடம்கூடச் சீனியை நிறுக்கும்போது, உது நஞ்சு தெரியுமோ என்று ஒரு வார்த்தை போட ஆரம்பித்தாள்.

ஆனால் எண் இறங்கவில்லை. ஏறியது. கூழ்க்கட்சி கைகொட்டிச் சிரித்தது.

அப்போதுதான் கனடாவிலிருந்து பாசல் வந்தது. பால்மா, சொக்கலேற், சவர்க்காரம், அவற்றின் நடுவே சப்பாத்துக் காலுறைக்குள் சுற்றிய குளிசை அட்டைகள். குழுவில் இல்லாமல் தனியாக அழைத்த ஜெகதீஸ், தெரிந்த ஆளிடம் எடுத்தது, புதுக் குளிசை, எண் இறங்கியதும் விட்டுவிடலாம், ஒருவருக்கும் மூச்சு விடவேண்டாம் என்றார். வெளிநாட்டுக் குளிசை என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு தனி மரியாதை. கிளினிக்கில் கடதாசிப் பைக்குள் தருவதைச் சந்தேகத்தோடு பார்ப்பவன், காலுறைக்குள் வந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவான். தயாபரனும் விழுங்கினான். விழுங்க முன்னர் மனைவியிடம் பிள்ளையாணை வாங்கிக்கொண்டான். இந்துஜாவின் மேல் ஆணையாக இதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது. அவளும் சரி என்றாள்.

எண் சரசரவென்று இறங்கியது. படத்தின் கீழே பூச்செண்டுகள் குவிந்தன. மாஸ்டர் வாய் மூடிக் கிடந்தார். நிசாந்தினி மட்டும் ஒவ்வொரு படத்தையும் போட்டதும் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். சாப்பாட்டால் மட்டும் என்று எழுதும் கை அவளுடையது.

இந்த நிலையில் கந்தசஷ்டி பிறந்தது. தீவில் ஆறு நாள் உபவாசம் இருப்பவர்கள் எத்தனையோ பேர். பகல் முழுக்கப் பட்டினி, மாலைப் பூசைக்குப் பிறகு பாலும் பழமும், ஏழாம் நாள் விரதம் முடிக்கும் பாறணை. நோயாளிக்கு அந்த விரதம் கட்டாயமில்லை என்பது கோயில் ஐயருக்கும் தெரியும், கும்பிடுகிறவர்களுக்கும் தெரியும். ஜெகதீஸுக்கு மட்டும் அது வேறு மாதிரித் தெரிந்தது. இந்தப் பட்டினியைத்தான் இப்போது வெள்ளைக்காரன் கண்டுபிடித்துப் பரிசு வாங்குகிறான் என்று ஒரு நீண்ட பதிவு எழுதினார். தம்பி ஆறு நாளும் பாலும் பழமும் இல்லாமல், தண்ணீரும் உப்பும் மட்டும் எடுத்து விரதம் இருக்கப் போகிறான். அதன்பின் கூழ்க்கட்சி வாயே திறக்காது என்று அறிவித்தார். கொஞ்சம் குரக்கன் கஞ்சியாவது குடிக்கட்டும் என்று மாஸ்டர் எழுதினார். அக்கறையில் அல்ல. குடித்தால் நெய்க்கட்சியின் கணக்கு கெட்டுப்போகும் என்பதால்.

தயாபரன் தண்ணீரோடு இருந்தான். காலுறைக் குளிசையை மட்டும் விடவில்லை. காலைப் படம் காத்திருந்ததே.

அவன் கன்னம் ஒட்டியது. கண் உள்ளே போனது. வேறு நாளென்றால் காண்பவன் எல்லாம் என்னடா வருத்தமோ என்று கேட்டிருப்பான். விரத நாளில் ஒருவரும் கேட்கவில்லை. கோயில் வாசலில் சாய்ந்து கிடந்தவனைப் பார்த்து, முகத்திலே என்ன ஒளி என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நாலாம் நாள் அவன் மதிலோரம் குந்தியிருந்து சத்தி எடுத்தபோதும் அது விரதக் களைதான்.

ஐந்தாம் நாள் காலை நிசாந்தினியை எழுப்பியது அவனுடைய மூச்சு. ஓடி வந்தவன் இரைப்பதுபோல் ஆழமாகவும் வேகமாகவும் இழுத்தான். ஆனால் அவன் அசையாமல் படுத்திருந்தான். வாயிலிருந்து அழுகிய பழத்தின் வாடை வந்தது. அவள் பதறிக்கொண்டு விரலைக் குத்தினாள். ஒன்பது புள்ளி இரண்டு. பதினெட்டால் பெருக்கினாள். நூற்று அறுபத்தைந்து சொச்சம். கிளினிக்கில் இருநூற்றைம்பதுக்கு மேல் ஓடித் திரிந்த மனிதனுக்கு இது நல்ல எண்.

படத்தைப் போட்டாள். அதன் கீழே, இவர் சத்தி எடுக்கிறார், மூச்சு இழுக்கிறார், என்ன செய்ய என்று எழுதினாள்.

பதில்கள் மழைபோல் வந்தன. உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகுகிறது, நல்ல அறிகுறி, உப்புத் தண்ணீர் கொடுங்கள் என்றது நெய்க்கட்சி. இளநீர் கொடு என்றது கூழ்க்கட்சி. இளநீரில் சீனி இருக்கிறது, இத்தனை நாள் பட்டது வீணாகும் என்று ஒருவர் சீறினார். சீறியவரின் படிப்பை இன்னொருவர் கேட்டார். அவர் இவரின் தொந்தியைப் பற்றி எழுதினார். நிசாந்தினி கையில் போனோடு கட்டிலருகே நின்று அந்தச் சண்டை மேலே மேலே ஏறிப் போவதைப் பார்த்தாள். அவளுடைய கேள்வி எங்கோ கீழே புதைந்துவிட்டது. இந்த மனிதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று ஒருவர்கூட எழுதவில்லை. எழுதியவர்கள் எல்லாரும் அவசர இலக்கத்தைத் தட்டினால் வாசலுக்கு வண்டி வரும் ஊர்களில் இருந்தார்கள். இவளுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் நடுவில் கடல் இருந்தது.

அவள் ஜெகதீஸை அழைத்தாள்.

“மீற்றர் என்ன சொல்லுது?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

“ஒன்பது சொச்சம்.”

“பிறகென்ன நிசா? நல்லாயிருக்கெல்லோ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீரெண்டால் சேலைன் ஏத்திச் சீனியைக் கூட்டிப் போடுவினம். இன்னும் ஒரு நாள்தானே. பொறும்.”

அவள் பொறுத்தாள். மத்தியானம் வரை பொறுத்தாள். அவன் அவளைப் பெயர் மாற்றி, செத்துப்போன தன் தாயின் பெயரால் கூப்பிட்டபோது, ஓடிப்போய் ஏரம்புவின் லாண்ட்மாஸ்டரைக் கூட்டிவந்தாள். தயாபரன் ஒரு காலத்தில் ஓட்டிய அதே வண்டியின் பெட்டியில், பாய் விரித்து அவனைக் கிடத்தினார்கள்.

தீவு ஆஸ்பத்திரியில் இருந்தவர் மட்டக்களப்புப் பக்கத்து இளம் பெண் வைத்தியர். சீனி பார்த்தார், பெரிய ஏற்றமில்லை. நெஞ்சைச் சோதித்தார். என்ன மருந்து எடுக்கிறார் என்று நிசாந்தினியைக் கேட்டார். அவள் வாய் திறக்க முன்னர் கட்டிலில் கிடந்தவன் திக்கித் திக்கிச் சொன்னான்.

“ஒண்டுமில்லை டொக்டர். விரதக் களை.”

நீர் வற்றியிருக்கிறது, வயிற்றில் ஏதும் கிருமியாக இருக்கலாம், சேலைன் ஏற்றிக் காலை வரை பார்க்கலாம் என்று வைத்தியர் முடிவு செய்தார். வடகீழ்க் காற்று எழும்பிக்கொண்டிருந்தது. நோயாளர் படகு இருட்ட முன்னர் போனால்தான் உண்டு, விட்டால் விடியத்தான். வீணாக ஒரு நோயாளியை அந்தக் கடலில் ஏற்ற எந்த வைத்தியர்தான் விரும்புவார்?

நிசாந்தினி விறாந்தைக்கு வந்தாள். போனில் ஜெகதீஸின் குரல்செய்தி காத்திருந்தது. காதோடு வைத்துக் கேட்டாள்.

“நிசா, கொண்டு போயிட்டீராம். சரி. ஆனால் அந்தக் குளிசையைப் பற்றி மட்டும் வாய் திறக்காதையும். டொக்டர்மார் எழுதிப்போட்டால் கதை வெளியிலை வரும். எங்கட குடும்ப மானம் இருக்கு.”

அவள் கடலைப் பார்த்தாள். வெள்ளைத் திரை கட்டிக் கட்டி உடைந்துகொண்டிருந்தது. பிள்ளையாணை இட்ட வாய். ஆணையை முறித்தால் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடும் என்று நம்புகிற ஊரில் பிறந்து வளர்ந்தவள். உள்ளே, சுவருக்கு அப்பால், அந்த மூச்சு கேட்டது. ஆணை முறிந்தால் வரக்கூடியது எது என்று அவளுக்குத் தெரியாது. முறியாவிட்டால் வரப்போவது அந்தச் சுவருக்கு அப்பால் இரைந்துகொண்டிருந்தது.

எழும்பிப் போய் வைத்தியரின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

“டொக்டர், அவர் பொய் சொன்னவர். நானும் சேர்ந்து மறைச்சனான். கனடாவிலையிருந்து வந்த குளிசை போடுறவர். சாப்பாடு இல்லாமல் போடுறவர்.”

இடுப்பில் செருகியிருந்த அட்டையை எடுத்து வைத்தாள். வீட்டை விட்டு இறங்கும்போது ஏன் எடுத்துச் செருகினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வைத்தியர் அட்டையிலிருந்த பெயரைப் படித்தார். கதிரை பின்னால் சரிய எழும்பினார். சிறுநீரில் தோய்த்த சோதனைப் பட்டி சில நொடியில் கடும் ஊதாவாக மாறியது. ஊசி மருந்து, ஊர்காவற்றுறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அழைப்பு, படகுக்கு ஆள் என்று அந்தச் சின்ன ஆஸ்பத்திரி ஓடத் தொடங்கியது. ஓட்டத்தின் நடுவே அவர் இவளுக்குச் சுருக்கமாகச் சொன்னார்.

“இது நல்ல குளிசைதான் அம்மா, பார்த்துக் கொடுத்தால். சீனியைச் சிறுநீரோடு வெளியே தள்ளிவிடும். அதனால்தான் மீற்றரில் சீனி ஏறவில்லை. ஆனால் சாப்பாடும் இல்லை என்றால் உடம்பு கொழுப்பை எரித்து எரித்து இரத்தம் அமிலமாகிவிடும். அதை உங்கள் மீற்றர் காட்டாது. நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் நானும் விடியும்வரை பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.”

படகு அலையில் ஏறி விழுந்து ஏறி விழுந்து போனது. சேலைன் பையை உயர்த்திப் பிடித்த நிசாந்தினியின் கை மரத்துப்போனது. ஒவ்வொரு விழுகைக்கும் அவன் மூச்சு நின்று மறுபடி தொடங்குவதுபோல் இருந்தது. அவள் அந்த மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தாள். அக்கரையில், குறிகட்டுவான் இறங்குதுறையில், ஆஸ்பத்திரி வண்டி காத்திருந்தது. புங்குடுதீவும் வேலணையும் பண்ணைப் பாலமும் கண்ணாடிக்கு வெளியே ஓடின. யாழ்ப்பாணத்தில் அவனை நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை, மகள் வாங்கிவந்த தேத்தண்ணீர் கையில் ஆறிக்கொண்டிருக்க, நிசாந்தினி போனைத் திறந்தாள். குழுவில் ஒரே கொதிப்பு. இன்று படம் வரவில்லை, உறவுகளே முடிவு உங்களுக்கு விளங்கும் என்று மாஸ்டர் எழுதியிருந்தார். விரதத்தின் கடைசி நாள், தம்பி கோயிலில் நிற்கிறான், படம் மாலையில் வரும் என்று ஜெகதீஸ் பதில் போட்டிருந்தார்.

அவள் அவரை அழைத்தாள். நேற்றுவரை அவர் குரலைக் கேட்டால் கதிரையை விட்டு எழும்பி நின்று பேசுவாள். இன்று எழும்பவில்லை.

“அண்ணை, அந்தக் குளிசை ஆருடையது?”

அவர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“என்ரைதான்.”

“குளிசை வேண்டாம் எண்டு ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு, நீங்கள் போடுறியளோ?”

“எனக்கு இஞ்சை டொக்டர் ரத்தம் பாத்துப் பாத்துத்தான் தாறவர் நிசா. சாப்பிடாத நாளிலை போடவேண்டாம் எண்டும் சொன்னவர்.”

“அதைத் தம்பிக்கு ஏன் சொல்லேல்லை?”

“யோசிக்கேல்லை.” குரல் உடைந்தது. “சத்தியமா யோசிக்கேல்லை. குறூப்பிலை மட்டும் போட்டிடாதையும்.”

அந்த மனிதர் கொலைகாரர் அல்ல. தம்பியில் பாசம் உள்ளவர். அதுதான் இந்தக் கதையில் எனக்கு ஆத்திரம் மூட்டுவது. தனக்கு ஒரு நியாயம், கைகட்டி நிற்பவனுக்கு ஒரு நியாயம். தன் உடம்பை வைத்தியரிடம் கொடுத்துவிட்டுத் தம்பியின் உடம்பை வாதத்தில் வைத்தார். அழுதுகொண்டே மறுபடியும் மானத்தைத்தான் கேட்டார்.

நிசாந்தினி குழுவில் எழுதினாள். காலைப் படங்களில் இருந்தது குளிசையின் எண், சாப்பாட்டின் எண் அல்ல. அந்தக் குளிசையோடு பட்டினி கிடந்து அவர் சாகக் கிடக்கிறார். பொய்யை எழுதியது என் கை. குளிசை போட்டுக்கொண்டு விரதமோ பத்தியமோ இருப்பவர்கள் யாரானாலும் உடனே வைத்தியரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

முதலில் பதில் போட்டவர் மாஸ்டர். உண்மை வென்றது என்று இரண்டு கைகூப்பு. தம்பிக்கு நினைவு திரும்பியதும் ஒடியல் கூழ் கொடுக்கவும் என்று கீழே ஒரு குறிப்பு. நெய்க்கட்சியில் ஒருவர், இவளுக்குக் கூழ்க்கட்சி காசு கொடுத்திருக்கும் என்றார். சிறிது நேரத்தில் அவள் எழுதியது அழிந்துபோனது. இன்னும் சிறிது நேரத்தில் அவளும் குழுவிலிருந்து நீக்கப்பட்டாள்.

தயாபரன் பிழைத்தான். குழாய்களைக் கழற்றிய அன்று, வறண்ட உதட்டோடு அவன் கேட்டது, படம் போட்டனியோ என்பதுதான். இல்லை என்று அவள் தலையாட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். கோபமா நிம்மதியா என்று அவள் கேட்கவில்லை. பிள்ளையாணையை முறித்ததை இந்துஜாவிடம் சொன்னபோது, அவள் தாயின் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

அதன்பிறகுதான் தனிச்செய்திகள் வரத் தொடங்கின. அழிக்க முன்னர் வாசித்தவர்கள். ஒருவர், அக்கா அந்தக் குளிசையின் பெயர் என்ன, எங்கே வாங்கலாம் என்று கேட்டார். புங்குடுதீவிலிருந்து ஒரு பெண், தன் தாய்க்கும் ஜேர்மனியிலிருந்து பாசலில் குளிசை வருகிறது, அம்மா வெள்ளிக்கிழமை தோறும் ஒன்றும் சாப்பிடுவதில்லை, இந்தக் கிழமை அடிக்கடி சத்தி எடுக்கிறா, களை என்றுதான் நினைத்தோம் என்று எழுதியிருந்தாள்.

நிசாந்தினி அதற்குப் பதில் எழுதவில்லை. எழுத்தில் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. அந்த இலக்கத்தை அழைத்தாள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, அட்டையையும் எடுத்துக்கொண்டு போ, நான் கதைத்து முடிய முன்னர் எழும்பு பிள்ளை என்றாள். வைத்துவிட்டு அடுத்த இலக்கத்தை அழைத்தாள். பிறகு அடுத்தது.

நீக்கப்பட்ட ஒருத்தியால் எத்தனை பேரை அழைக்க ஏலும்? குழுவுக்குள் இன்னும் இருப்பவர்கள் நீங்கள். உங்கள் குழுவிலும் யாரோ ஒருவர் குளிசையை விட்டுவிட்டு, அல்லது யாரோ அனுப்பிய குளிசையை மறைத்து வைத்துக்கொண்டு, உங்கள் வாதத்துக்கு உடம்பைக் கொடுத்திருக்கிறார். அவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தை மூடியதும் அவருக்குச் செய்தி அனுப்பாதீர்கள். அழையுங்கள். குரலைக் கேளுங்கள், மூச்சைக் கேளுங்கள். என்னென்ன விழுங்குகிறீர்கள் என்று கேட்டு, அத்தனையையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள். அவர் போய்ச் சேர்ந்தார் என்று தெரியும்வரை மறுபடியும் மறுபடியும் அழையுங்கள்.